8 நிமிட வால் பாலுக்குக் காரணம் கால் பலம்தானா?

கேள்வி: எனக்கு வயது 34, எடை 78 கிலோ. சென்னையில் ஐ.டி. வேலை. மும்பையில் நடந்த ஹைராக்ஸ் போட்டியில் (1 கி.மீ. ஓட்டம், உடனே ஓர் உடற்பயிற்சி நிலையம், இப்படி எட்டு முறை) ஆண்கள் ஓப்பன் பிரிவில் முதன்முறையாகக் கலந்துகொண்டு 1 மணி 38 நிமிடம் 40 விநாடியில் முடித்தேன். எட்டு ஓட்டங்களின் நேரம்: 4:45, 5:20, 6:05, 6:20, 6:35, 6:10, 6:25, 7:20. நிலையங்கள்: ஸ்கீ எர்க் (பனிச்சறுக்கு போலக் கயிற்றைக் கீழே இழுக்கும் இயந்திரம், 1000 மீட்டர்) 4:20, ஸ்லெட் (எடை ஏற்றிய சறுக்குவண்டி) தள்ளல் 2:40, ஸ்லெட் இழுத்தல் 6:10, பர்ப்பி பிராட் ஜம்ப் (தரையில் படுத்தெழுந்து முன்னே தாவுதல்) 5:40, ரோயிங் (துடுப்பு இயந்திரம், 1000 மீட்டர்) 4:55, ஃபார்மர்ஸ் கேரி (இரு கையிலும் எடை தூக்கி நடத்தல்) 2:20, லஞ்சஸ் (பையைத் தோளில் சுமந்து, முட்டி தரையைத் தொட முன்னேறுதல்) 6:00, வால் பால் (பந்தோடு உட்கார்ந்தெழுந்து அதைச் சுவர்க் குறியில் எறிதல், 100 முறை) 8:15. ராக்ஸ்ஸோன் (ஓடுபாதைக்கும் நிலையங்களுக்கும் இடையே கடக்கும் பகுதி) 9:20. முதல் கிலோமீட்டர் முடிவிலேயே இதயத்துடிப்பு 176, ஸ்லெட் இழுத்து முடித்தபோது 186, உச்சம் 191. வெறும் 10 கி.மீ.யை முழு வேகத்தில் ஓடினால் 52 நிமிடம் ஆகும், அப்போது சராசரி துடிப்பு 174. ஸ்க்வாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்தெழுதல்) 120 கிலோ போடுவேன். வாரம் 5 நாள் ஜிம், ஞாயிறு மட்டும் 6 கி.மீ. ஓட்டம். போட்டியன்று காலை 7 மணிக்கு நாலு இட்லி, ஒரு வாழைப்பழம்; எங்கள் குழு கிளம்பியது 12:40க்கு. வால் பாலில் முதலில் 35, அடுத்து 15, பிறகு ஐந்தைந்தாகத்தான் முடிந்தது. 9 நோ ரெப் (கணக்கில் சேராத தவறான முயற்சி) வேறு. கால் பலம் போதவில்லை, இனி தினமும் 150 வால் பால் போடு, வாரம் இரண்டு நாள் கனமான ஸ்க்வாட் செய் என்கிறார் ஜிம் பயிற்சியாளர். இது சரியா? இன்னும் 12 வாரத்தில் அடுத்த போட்டி. ஒன்றரை மணிக்குள் வர முடியுமா?

பதில்: கால் பலத்தில் உங்களுக்குக் குறை இல்லை. ஸ்லெட்டோடு சேர்த்து 152 கிலோவை, கார்ப்பெட் மேல் 50 மீட்டர், 2:40க்குள் தள்ளியவர் நீங்கள். 6 கிலோ பந்தோடு உட்கார்ந்து எழ முடியாமல் போனதற்கு விடை அந்த 2:40க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதற்கும் முன்னால், 4:45ல் ஓடிய முதல் கிலோமீட்டரிலும்.

ஹைராக்ஸ் முடிவுப் பக்கத்தைப் படிக்கும்போது எல்லோரும் செய்வது, எந்த நிலையத்தில் அதிக நேரம் ஆனதோ அதை வட்டமிட்டு, அதையே பயிற்சியில் ஏற்றுவது. இந்தப் போட்டிக்கு அந்த வழி சரிப்படாது. ஒரு நேரம் மோசமாக வந்திருந்தால் அதற்கு முந்தைய இரண்டு நேரங்களைப் பார்க்க வேண்டும். வரிசை எப்போதும் ஒன்றே: ஓட்டம், நிலையம், ஓட்டம், நிலையம். அதனால் கடனை எங்கே வாங்கினீர்கள், எங்கே கட்டினீர்கள் என்று கணக்குப் புத்தகம் மாதிரி பின்னோக்கிப் புரட்டிப் பார்க்கலாம்.

முதலில் மொத்தத்தைப் பிரிப்போம். எட்டு ஓட்டம் 49:00, எட்டு நிலையம் 40:20, ராக்ஸ்ஸோன் 9:20. பாதி நேரம் ஓட்டத்திலேயே போயிருக்கிறது. உங்கள் பயிற்சியிலோ ஓட்டம் வாரத்துக்கு ஒரே நாள், 6 கிலோமீட்டர். இது பற்றிப் பின்னால் வருகிறேன்.

கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை இந்த ஆய்வுக்கு எடுக்காதீர்கள். அரங்கத்துக்குள் ஜி.பி.எஸ். உளறும். நம்ப வேண்டியது காலில் கட்டிய சிப்பின் நேரத்தைத்தான். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அரங்கத்துக்கு அரங்கம் சுற்றின் நீளமும் எண்ணிக்கையும் மாறும், சில இடங்களில் முதல் ஓட்டம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைவாகவோ கூடுதலாகவோ அமையும். ஆகவே ஐந்து பத்து விநாடி வித்தியாசத்துக்கெல்லாம் அர்த்தம் தேடாதீர்கள். உங்கள் தாளில் இருப்பவை 45 விநாடி, 55 விநாடி வித்தியாசங்கள். அவை பேசும்.

உங்கள் 10 கி.மீ. வேகம் கிலோமீட்டருக்கு 5:12. போட்டியில் முதல் கிலோமீட்டரை அதைவிட 27 விநாடி வேகமாக ஓடியிருக்கிறீர்கள். துடிப்பு 176. 52 நிமிடம் தாக்குப்பிடிக்கும் உங்கள் உச்ச உழைப்பின் சராசரி 174. போட்டி தொடங்கி ஐந்து நிமிடம் ஆவதற்குள் அதையும் தாண்டிவிட்டீர்கள், இன்னும் 94 நிமிட வேலை பாக்கி இருக்கும்போது. கூட்டத்தோடு கிளம்பும்போது, பாட்டு அலறும்போது, 4:45 சுலபமாகத்தான் தெரியும். முதல் மூன்று நிமிடம் உடல் உண்மையைச் சொல்லாது.

அடுத்து ஸ்கீ எர்க். 4:20 என்றால் 500 மீட்டருக்கு 2:10. பெரிய தப்பில்லை, ஆனால் இந்த இயந்திரங்களின் கணக்கை ஒரு முறை தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கீ எர்க்கிலும் ரோயிங்கிலும் வேகம் கூடக் கூட, தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 2:10க்கு 159 வாட். 2:05க்கு 179 வாட். 2:15க்கு 142 வாட் போதும். அதாவது 1000 மீட்டரில் 10 விநாடி மிச்சப்படுத்த 20 வாட் கூடுதலாகக் கொட்ட வேண்டும். 10 விநாடி விட்டுக்கொடுத்தால் 17 வாட் கையில் நிற்கும். முதல் நிலையத்தில் இந்த 10 விநாடிக்காகச் சண்டை போடுவது மோசமான வியாபாரம். உங்களுக்கு 2:15 போதும். டாம்பரை (இயந்திரத்தின் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) 5 அல்லது 6ல் வையுங்கள். 10ல் வைத்து முதுகை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது ஸ்லெட் தள்ளல். உங்கள் தாளிலேயே பார்க்க அழகான எண்ணும் அதிகச் செலவு வைத்த எண்ணும் இதுதான். 3:10ல் தள்ளியிருந்தால் இங்கே 30 விநாடி போயிருக்கும். 2:40ல் தள்ளியதால் அடுத்த ஓட்டம் 5:20லிருந்து 6:05க்கு விழுந்தது. அந்த ஒரு ஓட்டத்திலேயே 45 விநாடி போச்சு. அதோடும் முடியவில்லை: அடுத்து ஸ்லெட் இழுத்தல் 6:10, துடிப்பு 186. அதன்பிறகு 6:20, 6:35.

ஆனால் உங்கள் தாளில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஐந்தாவது ஓட்டம் 6:35. அதன்பின் ரோயிங்கில் 4:55, அதாவது 500 மீட்டருக்கு ஏறக்குறைய 2:27, வெறும் 110 வாட். சோர்வில் அப்படி இழுத்திருப்பீர்கள்; ஆனால் உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம் குறைந்த உழைப்பு கிடைத்ததும் ஆறாவது ஓட்டம் 6:10க்குத் திரும்பிவிட்டது. 25 விநாடி மீட்பு. மூச்சு விட இடம் கொடுத்தால் உங்கள் உடல் மீள்கிறது. முதல் நாற்பது நிமிடத்தில் நீங்கள்தான் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

வால் பாலுக்கு வருவோம். ஒழுங்கான தாளத்தில் ஒரு ரெப்புக்கு, அதாவது ஒரு முறைக்கு, ஏறக்குறைய 2.2 விநாடி. 100 ரெப்புக்கு 3:40. நோ ரெப் ஒன்பதுக்கு இன்னொரு 20 விநாடி. உங்கள் நேரம் 8:15. மிச்சம் 4:15ம் பந்தைப் பார்த்தபடி நின்ற நேரம். ஸ்க்வாட்டை 140 கிலோ ஆக்கினாலும் இந்த 4:15 குறையாது. 35 ரெப் ஒரே மூச்சில் போட்டுத் தொடையை எரித்துக்கொண்டபின் அது மீளவே இல்லை.

அடுத்த முறை பத்துப் பத்தாகப் பத்து செட். முதல் பத்து முடிந்ததும், இன்னும் இருபது போடலாம் என்று தோன்றும்போதே, நிறுத்த வேண்டும். நாலு ஆழ்ந்த மூச்சு, ஏறக்குறைய 14 விநாடி, மறுபடி பந்து. கணக்குப் போட்டால் 220 விநாடியும் ஒன்பது இடைவெளிக்கு 126 விநாடியும் சேர்ந்து 5:46. தவறுகளுக்கு இடம் விட்டு 6:10 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம், கூடுதல் பலம் எதுவும் இல்லாமல்.

நோ ரெப் ஏன் வருகிறது என்பதையும் பாருங்கள். ஒன்று, இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே போகவில்லை. இரண்டு, பந்து குறிக்குக் கீழே படுகிறது. சோர்ந்தவர்கள் ஒவ்வொரு ரெப்புக்கும் அரை அங்குலம் பின்வாங்குவார்கள், தங்களுக்கே தெரியாது. தூரம் கூடினால் அதே வீச்சில் பந்து தாழ்ந்துதான் படும். ஒவ்வொரு செட் தொடங்கும்போதும் கையை நீட்டிச் சுவரோடு தூரத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்லெட் இழுத்தல் 6:10க்குச் சோர்வு பாதிக் காரணம், முறை மீதிக் காரணம். 12.5 மீட்டர் வீதம் நாலு முறை. ஒவ்வொன்றும் உங்களுக்கு 92 விநாடி ஆகியிருக்கிறது. முன்கை கல்லாக இறுகியதா? அப்படியானால் கையால் மட்டும் இழுத்திருக்கிறீர்கள். நிற்க ஒதுக்கிய கட்டத்தின் முன்கோட்டுக்கு அருகில் நின்று, கையை நீட்டியே வைத்துக் கயிறைப் பிடித்து, இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, மூன்று நாலு காலடி பின்னால் நடங்கள். 78 கிலோ உடல் எடை இழுக்கட்டும். பிறகு முன்னுக்கு வந்து தொய்ந்த கயிறை வேகமாகச் சேர்த்து மறுபடி சாயுங்கள். பின்கோட்டைத் தாண்டக் கூடாது, உட்காரக் கூடாது. காலடியில் கயிறு சுருளாமல் ஒரு பக்கமாகப் போடுங்கள். அதில் மிதித்து நின்று அதையே இழுப்பவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு.

தள்ளும்போது இதற்கு நேர்மாறான ஒழுங்கு வேண்டும். நிற்கும் ஸ்லெட்டை அசைக்கத்தான் அதிக விசை தேவை. அசைந்தபின் ஓட்டுவது எளிது. நடுவில் நிற்காதீர்கள். சின்னச் சின்ன எட்டாக, மெதுவாக, 12.5 மீட்டரையும் ஒரே தொடராகத் தள்ளி, கோட்டுக்கு அந்தப்பக்கம் போனபின் ஐந்து விநாடி வேண்டுமென்றே நில்லுங்கள். நாலு முறையும் இப்படிச் செய்தாலே 2:40 தானாக 3:10 ஆகிவிடும்.

ஜிம்மில் 180 கிலோ தள்ளினேன் என்ற கணக்கை நம்ப வேண்டாம். செயற்கைப் புல்லில் வழுக்கும் ஸ்லெட் போட்டிக் கார்ப்பெட்டில் ஒட்டும். கிலோவைப் பார்க்காமல் 12.5 மீட்டருக்கு 40 விநாடி ஆகும்படி எடையை ஏற்றிப் பழகுங்கள். 

பர்ப்பியிலும் லஞ்சஸிலும் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். பர்ப்பியில் நீளத் தாவ ஆசைப்படாமல், எழும்போது ஒவ்வொரு காலாக முன்வைத்து எழுந்து, ஒரே அளவில் தாவுங்கள். 1.6 மீட்டர் தாவினால் 80 மீட்டருக்கு 50 ரெப், அதை 6.6 விநாடிக்கு ஒன்று என்று போட்டால் 5:30. லஞ்சஸில் 20 கிலோ பையைத் தோளிலிருந்து இறக்க விதி இடம் தராது, ஆனால் இரு காலையும் சேர்த்து நிமிர்ந்து நிற்கலாம். 25 மீட்டருக்கு ஒரு முறை மூன்று மூச்சு நில்லுங்கள். முட்டி கட்டாயம் தரையைத் தொட வேண்டும். தொடட்டும், இடிக்க வேண்டாம்.

ராக்ஸ்ஸோனை உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். 9:20 சாதாரண எண் இல்லை. எட்டு முறை உள்ளே, ஏழு முறை வெளியே, மொத்தம் 15 கடப்புகள். ஒவ்வொன்றுக்கும் 37 விநாடி. நீங்கள் அங்கே நடந்திருக்கிறீர்கள், தண்ணீர் குடித்திருக்கிறீர்கள், நிலையத்தைத் தேடியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் எட்டு விநாடி குறைத்தால் 2 நிமிடம், 7:20. நிலையத்திலிருந்து வெளியே வரும்போது முதல் பத்துக் காலடி நடக்கலாம். பிறகு எவ்வளவு மெதுவானாலும் மெல்லோட்டம். தண்ணீரைத் தேடி நிற்காமல் நடந்தபடி இரண்டு மடக்கு. போட்டிக்கு முன்பே அரங்கத்துக்குப் போய், ஓடுபாதையிலிருந்து உள்ளே திரும்பும் வளைவும் வெளியேறும் வழியும் எங்கே என்று நடந்து பாருங்கள். சுற்றுக் கணக்கும் உங்கள் பொறுப்பே, ஒவ்வொரு சுற்றுக்கும் கடிகாரத்தில் லேப் பொத்தானை அழுத்துங்கள்.

சாப்பாடு: 7 மணி இட்லிக்கும் 12:40க்கும் இடையே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். நாலு இட்லியும் ஒரு பழமும் ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்து. உங்கள் எடைக்கு, கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் 115 முதல் 120 கிராம் வேண்டும். 9:30க்கு ஆறு இட்லி, இரண்டு வாழைப்பழம் சரியாக இருக்கும். சாம்பார், தேங்காய்ச் சட்னியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்தும் கொழுப்பும் அன்று வயிற்றுக்கு ஆகாது. கிளம்ப 15 நிமிடம் முன்னால் ஒரு ஜெல் (மாவுச்சத்துக் குழைவு அடைத்த சிறு பாக்கெட்), ரோயிங் முடிந்ததும் இன்னொன்று. பயிற்சியில் இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்க்காத ஜெல்லைப் போட்டியில் தொடாதீர்கள்.

ஆக, அடுத்த போட்டித் திட்டம் இது. ஓட்டங்கள்: 5:30, 5:35, 5:50, 5:50, 5:50, 5:45, 5:45, 6:05. மொத்தம் 46:10. நிலையங்கள்: ஸ்கீ 4:30, தள்ளல் 3:10, இழுத்தல் 5:20, பர்ப்பி 5:30, ரோயிங் 4:50, கேரி 2:20, லஞ்சஸ் 5:30, வால் பால் 6:10. மொத்தம் 37:20. ராக்ஸ்ஸோன் 7:20. கூட்டினால் 1:30:50. முதல் ஓட்டம் 45 விநாடி மெதுவாக, ஸ்கீ 10 விநாடி மெதுவாக, தள்ளல் 30 விநாடி மெதுவாக; இருந்தும் மொத்தத்தில் 7:50 குறைகிறது. ரோயிங் வரை துடிப்பு 170ஐ ஒட்டியே நிற்க வேண்டும், நிலையங்களில் கொஞ்சம் ஏறினாலும் அடுத்த ஓட்டத்தின் பாதிக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். ஃபார்மர்ஸ் கேரி முடிந்தபின் துடிப்பைப் பார்ப்பதை விட்டுவிடலாம். மணிக்கட்டுக் கடிகாரம் கைப்பிடி இறுகும்போது தவறாகக் காட்டும். மார்புப் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மணிக்குள் வர இன்னும் 50 விநாடி வேண்டும். அது ஓட்டப் பயிற்சியிலிருந்துதான் வரும், ஸ்க்வாட்டிலிருந்து வராது.

ஐந்து ஜிம் நாட்களை இரண்டாக்குங்கள். ஒரு நாள் ஸ்க்வாட், ஸ்லெட். இன்னொரு நாள் டெட்லிஃப்ட், ரோ, லஞ்சஸ். இருக்கும் பலம் குறையாமல் பார்த்துக்கொள்ள இது போதும். ஓட்டம் மூன்று நாள். செவ்வாய் 1 கி.மீ. வீதம் ஐந்து முறை, 5:20 வேகத்தில், நடுவில் 60 விநாடி ஓய்வு. ஐந்தாவதும் முதலாவதும் ஒரே நேரத்தில் வர வேண்டும், இல்லையென்றால் முதலாவதை வேகமாக ஓடிவிட்டீர்கள் என்று பொருள். வியாழன் 40 நிமிடம் மெல்லோட்டம். ஞாயிறு நீள ஓட்டம், 50 நிமிடத்தில் தொடங்கி 75 வரை, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். சென்னைப் புழுக்கத்தில் அது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. 6 கிலோமீட்டரிலிருந்து 25க்கு ஒரே வாரத்தில் தாவினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு 14 முதல் 16 கி.மீ. மட்டும், அதுவரை செவ்வாயில் மூன்று முறை, வியாழன் 25 நிமிடம், ஞாயிறு 40 நிமிடம் என்று குறைத்து ஓடுங்கள். பிறகு வாரம் இரண்டு மூன்று கி.மீ. ஏற்றி, ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

ஆறாவது நாள், சனிக்கிழமை, சோர்ந்த காலோடு ஓடும் பயிற்சி: 1 கி.மீ. 5:45ல், உடனே 20 கிலோ பையோடு 25 மீட்டர் லஞ்சஸ், 20 வால் பால். இதை நாலு முறை, இடையில் ஓய்வில்லாமல். நாலாவது கிலோமீட்டர் முதலாவதைவிட 10 விநாடிக்கு மேல் பிந்தக் கூடாது. பிந்தினால் எடையைக் குறைக்காதீர்கள், ஓட்ட வேகத்தை 5:55 ஆக்குங்கள். வாரத்துக்கு இந்த 80 வால் பால் போதும். தினமும் 150 என்பது முட்டியையும் தோளையும் தேய்க்கும் வேலை, செவ்வாய் ஓட்டத்துக்குக் கால் இருக்காது.

எட்டாவது வார இறுதியில் ஒரு சோதனை: பாதிப் போட்டி. நாலு ஓட்டம், முதல் நாலு நிலையம், மேலே சொன்ன நேரங்களில். கடைசி ஓட்டத்தின் முடிவில் துடிப்பு 175க்குள் நின்றால் திட்டத்தில் எல்லா ஓட்டத்திலிருந்தும் ஏழு விநாடி எடுத்துவிடுங்கள், ஒன்றரை மணிக்குக் கீழே வருகிறது. 180ஐத் தாண்டினால் 1:30:50 திட்டத்தையே வைத்துக்கொண்டு இந்த முறை போய்விட்டு வாருங்கள். 11ஆம் வாரம் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். கடைசி வாரம் செவ்வாயோடு கனமான எடை நிறுத்தம். வியாழன் 20 நிமிட மெல்லோட்டம், அதில் 5:30 வேகத்தில் மூன்று முறை ஒவ்வொரு நிமிடம். போட்டியின் முதல் கிலோமீட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று காலுக்கு ஞாபகப்படுத்த அது போதும்.